அம்மிமேல் வைத்த கால்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புத்தூருக்குப் பக்கத்து ஊரில் போர்டு பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். ஆனால் பாடம் நடத்தியதை விட நான் அதிகம் பார்த்தது எல்லை வேலைதான். ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, சித்தூர் ஜில்லா அதோடு போய்விட்டது. எந்த ஊர் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கும் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று மனு எழுதுவேன், ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்குவேன், சந்தையில் நின்று பேசுவேன். யார் தெலுங்கில் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்வது என்று ஒரு விரதம் வேறு. எங்கள் ஊரில் பாதிப்பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர்கள். அவர்களுக்கு நான் நல்ல வேடிக்கை. எனக்கோ நான் பெரிய வீரன்.

இதை முதலில் சொல்லக் காரணம், அந்த நாளில் என் வீட்டில் எது நடந்தாலும் அது என்னைப் பற்றியதாகவே இருந்தது. நான் கண்ட கனவும் அப்படித்தான் ஆயிற்று.

என் மனைவிக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் நடக்க வேண்டிய வளைகாப்பு, என் கூட்டங்களால் தள்ளிப்போய் ஒன்பதாம் மாதத்தில் நடந்தது. வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் ஊர் குடிபாலா. சித்தூர் ஆஸ்பத்திரி அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். போனதும் சித்தூரில் லேடி டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அவளுடைய அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

வளைகாப்பு அன்று ஆண்களுக்கு உள்ளே வேலையில்லை. ஆனால் எனக்கு மனுக்கட்டு தேவைப்பட்டது. அது கூடத்து டிரங்குப் பெட்டியில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். பெண்கள் விடவில்லை.

"இன்னா வாத்தியாரே, இங்கயும் கையெழுத்து வாங்க வந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி மணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வளையல்காரர் அவள் கையைப் பிடித்து விரல்களைக் குவித்து, எண்ணெய் தடவி வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறவில்லை. ஒன்று உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. ஒரு சுற்றுப் பெரிய வளையலை எடுத்தார். அதுவும் மணிக்கட்டில் நின்றுகொண்டது.

"புள்ளத்தாச்சின்னா ஒடம்பு பூசத்தான் செய்யும்" என்றார் என் அம்மா. "மொகத்த பாரு, சந்தனக் கிண்ணம் மாதிரி ஆயிடுச்சி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டுச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். டிரங்குப் பெட்டியை மூடி நிமிரும்போது அவள் பாதம் கண்ணில் பட்டது. இரண்டாவது விரலில் இருந்த மெட்டியில் பாதிதான் தெரிந்தது. மீதி சதைக்குள் இருந்தது. பார்த்தேன், மனுக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசல் தாண்டுவதற்குள் மறந்தும் போனேன்.

மறுநாள் விடியற்காலையில் அந்தக் கனவு வந்தது.

கனவில் மறுபடி எங்கள் கல்யாணம். அம்மியில் அவள் வலது காலை எடுத்து வைத்து நான் மெட்டி போட வேண்டும். குனிகிறேன். நாயனம் ஊதுபவர்களின் கன்னம் உப்புகிறது, சத்தம் இல்லை. அம்மி என்று பார்த்தால் அது அம்மியில்லை. சர்வேக்காரர்கள் நட்டுவைக்கும் எல்லைக்கல். அதன்மேல் அவள் பாதம். மெட்டியை விரலில் போட்டதும் விரல் வீங்கி மெட்டியை விழுங்கிவிட்டது. கழற்றலாம் என்று பிடித்து இழுக்கிறேன். பாதம் கனத்துக்கொண்டே போகிறது. கல் மண்ணுக்குள் இறங்குகிறது, கல்லோடு காலும் இறங்குகிறது. நான் இரண்டு கையாலும் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கத்துகிறேன். வாய் திறக்கிறதே தவிரக் குரல் வரவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் எங்கள்மேல் அட்சதை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

விழித்தபோது வேட்டி பனியன் எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. அத்தனை பயத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் கெட்ட கனவை மனிதர்களிடம் சொல்ல மாட்டார்கள். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். நான் அதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன். பல் துலக்கிய கையோடு காபி குடிக்கும்போது கூடத்தில் வைத்து அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "கனாவுல கல்யாணமே ஆவாது. அதுலயும் மெட்டி காணாம போச்சின்னு சொல்ற. மெட்டி யாருக்கு? புருசனுக்கு. விடியக்காலத்துக் கனா வேற. ஐயோ, இந்த எல்ல எழவு வேணாம் வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே!"

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கல் என்றால் ஜெயில் என்றார் என் நைனா. போன வாரம்தான் போலீஸ்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார். என்னோடு கையெழுத்து வாங்க வருபவர் கேட்டுவிட்டு, கல் முழுகினால் நம் ஊர் அவர்கள் பக்கம் போகும் என்றுதான் அர்த்தம் என்றார். புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கண்டம் இருக்கிறது, இரண்டு வாரம் தாண்டினால் பயமில்லை என்று தெலுங்கில் சொன்னார். திருமலைக்கு முடி கொடுப்பதாக அம்மா அங்கேயே வேண்டிக்கொண்டார்.

ஒரு உண்மையை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் நடுங்கியவன் மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டேன். தெளிந்தது மட்டுமில்லை, என் உயிருக்கு ஆபத்து என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. தெருவில் போகும்போது பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "இதெல்லாம் பார்த்தா முடியுமா?" என்று நான் சிரித்துக்கொண்டே போனேன். கனவில் நம்பிக்கை இல்லாதவன், கனவுக்கு அவர்கள் சொன்ன அர்த்தத்தை மட்டும் பட்டுத்துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எல்லோரும் எழுந்து போன பிறகு, காபி டம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள்.

"இன்னாங்க, அந்தக் கனாவுல எனுக்கு வலிச்சிதா?"

"என்னது?"

"கால் அவ்ளோ வீங்கிச்சின்னு சொன்னீங்களே. வலிச்சிதா?"

"கால் மட்டும்தான் தெரிஞ்சுது. உன் மொகம் எங்க தெரிஞ்சுது?" என்றேன். வெளியே ஆள் காத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா அழைத்துப் போக வந்தார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு, கையில் பலகாரக் கூடை. அம்மா அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். புருஷனுக்குக் கண்டம் இருக்கும்போது பெண்டாட்டி அவனை விட்டு ஊர் தாண்டக் கூடாது, இரண்டு வாரம் போகட்டும் என்றார். டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று அவர் இழுத்தார். மருமகன் உயிரா, டாக்டரா என்று வரும்போது பெண்ணைப் பெற்றவர் என்ன பேச முடியும்? என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் போயிருப்பாள். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. எனக்காக எல்லோரும் கவலைப்படும்போது நடுவில் புகுந்து கெடுக்க மனசில்லை. அவர் வெறுங்கூடையோடு திரும்பிப் போனார்.

தினமும் காலையில் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு அம்மன் கோயிலை ஒன்பது சுற்றுச் சுற்றினாள். என் ஆயுசுக்காக. தலை வலிக்கிறது என்றாள். ஈரத்தலை, வலிக்கத்தான் வலிக்கும் என்றார் அம்மா. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். காலையில் பட்டினி, அதனால்தான் என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றுதான். அது என் தலைமேல் இருப்பதாக அவர் நம்பினார்.

கனவு கண்ட ஒன்பதாம் நாள் அம்மாவும் நைனாவும் முடி கொடுக்கத் திருமலைக்குப் போனார்கள். மறுநாள் காலை ஒரு எட்டு மணி இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலிலிருந்து வந்தவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். குடம் விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முற்றத்தில் விழுந்து கிடக்கிறாள், வலிப்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே செருகிவிட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். இந்தத் தடவை குரல் வந்தது.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். புத்தூர் எலும்புக்கட்டுக்குப் பேர்போன ஊர், ஆனால் இது கட்டுப்போடும் காரியமா? அரிசி மில் லாரி ஒன்று திருப்பதி போகக் கிளம்பி நின்றது. மூட்டைகளை ஒதுக்கி, பாய் விரித்து ஏற்றினார்கள். வழியில் இன்னொரு முறை இழுத்தது.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பி, "ஈ வாப்பு என்னாள்ளுகா உந்தி?" என்று கேட்டார். எத்தனை நாளாக இந்த வீக்கம் என்று.

என் விரதம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தெலுங்கிலேயே பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை. எத்தனை நாள்? கனவு கண்ட நாள் ஒன்றுதான் எனக்குத் தெரியும். பத்து நாள் என்றேன். பத்து நாளாகத் தெரிந்தும் ஏன் கொண்டு வரவில்லை என்று அவர் கேட்டபோது, கனவைச் சொல்லவா முடியும்? கைகட்டி நின்றேன்.

அவளை ஜன்னல் சாத்திய இருட்டறையில் படுக்கவைத்தார்கள். சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது என்றார்கள். மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, மெட்டி இறுகி விரல் கறுத்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில்தான் அம்மாவும் நைனாவும் வந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய இடத்தில் எங்கள் ஊர்க்காரர் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் தலை மழமழவென்று இருந்தது, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்தத் தலையோடு அவரை நான் பார்த்ததில்லை. யாரோ என்று நினைத்துவிட்டேன். மெட்டியை வெட்டப்போகிறார்கள் என்று கேட்டதும் அவர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. எம்புள்ள உயிரோட கீறான்மா. அவன் நின்னுக்கினு இருக்கறப்பவே மெட்டிய எடுக்காதம்மா."

"எடுங்க" என்றேன்.

"டேய், உனுக்காகத்தாண்டா அவ ஈரப்பொடவயோட..."

"அம்மா, செத்துக்கினு இருக்கறது நான் இல்ல. அவ."

சொன்ன பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. அம்மா நர்ஸின் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

நான் உள்ளே போய்ப் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று அம்மிமேல் வைத்த பிறகு அந்தக் காலை நான் கையில் எடுத்தது அன்றைக்குத்தான். கனவில் இருந்த கனம் அப்படியே இருந்தது. வார்டு ஆள் சிறு குறட்டால் மெட்டியை நறுக்கினார். சதையில் பதிந்த தடம் வெகுநேரம் மாறவில்லை.

குழந்தை அன்று சாயங்காலம் பிறந்தது. ஆண். உயிர் இல்லை. நைனாவும் நானும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுக்கு நினைவு திரும்ப மூன்று நாள் ஆயிற்று. நான் பக்கத்தில் இருந்தேன். கண் திறந்து ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். ஆள் அடையாளம் தெரிய அத்தனை நேரம் பிடித்தது போலிருக்கிறது. பிறகு, புண்ணான நாக்கால் மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்கு ஒன்னும் ஆவலியே?"

அந்த ஒரு கேள்விக்காக நான் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கனவை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். அதில் வருங்காலம் எதுவும் இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் என் கண் பார்த்து, நான் பார்க்காமல் விட்ட ஒரு பாதம், தூக்கத்தில் திரும்பி வந்தது. அவ்வளவுதான். கல்லை விட்டுவிட்டால் கனவில் கண்டதெல்லாம் நிஜம். கால் வீங்கியிருந்தது. மெட்டி சதைக்குள் போயிருந்தது. சுற்றி நின்றவர்கள் அட்சதை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு குழந்தைகூடப் புரிந்துகொண்டிருக்கும். நாங்கள் அர்த்தம் தேடினோம். வீட்டில் எந்த உயிர் பெரிதோ அந்த உயிர்மேல் கொண்டுபோய் அர்த்தத்தை வைத்தோம்.

எல்லை சில வருஷம் கழித்து முடிவாயிற்று. திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். அதற்காக ஊரில் சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மனுக்கட்டு அதே டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது, எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட காலை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை இல்லை என்பதை என் அம்மாதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. சரி என்று தலையாட்டினாளாம். அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். வெறும் விரலோடு ஊருக்குள் வரக் கூடாது என்று அம்மா சொன்னதால், கோவிந்தராஜர் கோயில் தெருவில் ஒரு ஜோடி வெள்ளி மெட்டி வாங்கினேன். சத்திரத்துப் படியில் அவளை உட்காரவைத்து, கீழ்ப்படியில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

வீக்கம் வடிந்து பாதம் மெலிந்திருந்தது. விரலில் கறுத்த தடம் இருந்தது. மெட்டியைப் போட்டுவிட்டு, காலைப் பார்க்காமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கி ஒன்னு கேட்டியே" என்றேன். "கனாவுல உனக்கு வலிச்சுதான்னு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிச்சுது. உனக்கு ரொம்ப வலிச்சுது. நான்தான் நிமிந்து பாக்கல."

அவள் உதடு கோணியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அடைத்தும் நிற்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, தன் குழந்தைக்காக அன்றுதான் அவள் அழுதாள்.